மணி அடிக்காத போனை யாரும் தொடமாட்டார்கள்

"ஃபைபர்ல கரண்டு வராதே மேடம், பின்னே என்னத்துக்குப் பயப்படணும்?" என்று பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார். வகுப்பு முடியும் நேரம். எல்லோரும் பையை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "கண்ணாடி இழையில் வராது, சுவருக்கு அந்தப் பக்கம் வரும்" என்று சொல்லிவிட்டு நானும் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் பதில் போதாது என்று தோன்றியது. இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்த காலமெல்லாம் என்னோடு வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். ஏணியில் ஆள் ஏறினால் இறங்கும்வரை என் வாய் காய்ந்துவிடும். நாகர்கோவில் அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். பயம் கேவலம் இல்லை. எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

செம்புக் கம்பி லைனைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததற்கு வருகிறேன். அந்தக் கம்பியில் ஓடுவது எங்கள் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் சின்ன மின்சாரம். வெறும் கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. மணி அடிக்கும்போது மட்டும் லேசாகச் சுண்டும். ஊரில் கரண்டு போனாலும் போன் வேலை செய்ததற்கு அதுதான் காரணம். எங்கள் லைன்மேன்கள் கையுறை போடாமல் வேலை செய்ததற்கும் அதுதான் காரணம். வீட்டுக்காரர் அந்த லைனில் எதைச் சேர்க்கிறார் என்பதற்கு விதி உண்டு. சோதித்து அங்கீகாரம் கொடுத்த கருவியைத்தான் சேர்க்கவேண்டும். பலரும் அதை ஒரு முத்திரை, ஒரு ஸ்டிக்கர் என்றுதான் நினைத்தார்கள். வளைகுடாவிலிருந்து வந்த கார்ட்லெஸ் போன்களைப் பார்த்து, "இதில் ஸ்டிக்கர் இல்லையே" என்று நான் சொன்னால், "துபாய்ல நல்லா ஓடிச்சே மேடம்" என்று சிரிப்பார்கள். நானும் பல வீடுகளில் அதற்கு மேல் பேசியதில்லை.

ஒரு வருஷம் பெரும் புயல் ஒன்று எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ரப்பர் மரங்களும் வாழைகளும் ரோடெல்லாம் கிடந்தன. கரண்டு இல்லை. செல்போன் கோபுரங்கள் ஊமையாகிவிட்டன. எங்கள் எக்ஸ்சேஞ்ச் மட்டும் டீசலைக் கெஞ்சி வாங்கி ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் அறுந்துபோகாத தெருக்களில் பழைய லேண்ட்லைன் உயிரோடு இருந்தது. கடலோர ஊர்களிலிருந்து மீன்பிடிக்கப் போன நிறையப் பேர் திரும்பவில்லை. எந்த ஊரில் எந்த லைனை முதலில் சரிசெய்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊருக்கு ஜீப்பில் போனோம். நான், டிரைவர், லைன்மேன் செல்லத்துரை. மழை தூறிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு கம்பம். அதன் உச்சியில் தெருவின் எல்லா வீட்டு இணைப்புகளும் பிரியும் சிறிய பெட்டி. கம்பத்திலிருந்து பார்க்கும் தூரத்தில் ஒரு வீட்டின் முன்னால் பெருங்கூட்டம். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. சாவு வீடு போல என்று டிரைவர் சொன்னார்.

செல்லத்துரை ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தார். ஒரு சத்தம் வந்தது. அவருடைய வாயிலிருந்துதான் வந்தது என்பது எனக்குச் சற்றுப் பிறகே புரிந்தது. அவர் உடல் பின்பக்கமாக வளைந்து, இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. டிரைவர் ஓடிப்போய் ஏணியில் ஏறித் தோளால் தாங்கினார். நல்லவேளையாகக் கை விடுபட்டிருந்தது. கீழே இறக்கிக் கிடத்தியபோது கண் திறந்திருந்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஒரு தீக்காயம்.

"மேடம், நம்ம கரண்டு இல்ல இது," என்றார். "வீட்டுக் கரண்டு."

அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி, கூட ஒரு ஊர்க்காரரையும் அனுப்பினேன். போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். கத்திவிட்டேன். மின்சாரம் வாங்கியவர் எழுந்து நடந்தாலும் டாக்டர் இதயத்தைப் பார்க்கவேண்டும், இதை நீங்கள் யாரும் மறக்கவேண்டாம்.

ரப்பர் கையுறை போட்டு நானே ஏணியில் ஏறினேன். மீட்டரை ஒவ்வொரு வீட்டுக்குமான கம்பி ஜோடியிலும் வைத்தேன். ஒரே ஒரு ஜோடியில் முள் கடைசிவரை போய் இடித்தது. அந்த ஜோடியின் வயர் பெட்டியிலிருந்து கிளம்பி, ஜெபமாலை நடந்துகொண்டிருந்த வீட்டுக்குள்தான் போனது.

ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். முன் அறையின் கூரை ஓடு பாதி பறந்துபோயிருந்தது. சிமெண்ட் தரையில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் ஒரு பெண் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் சகாயமேரி, வின்சென்ட் என்ற மீனவரின் மனைவி. ஸ்டூலில் ஒரு டெலிபோன். அதன் பக்கத்தில் மைக்செட்காரர்கள் வைத்திருப்பார்களே, அதுபோன்ற பழைய இரும்புப் பெட்டி ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஒரு வயர் வந்து, சுவரில் டெலிபோன் லைன் நுழையும் இடத்தில் வெறும் கம்பியாகத் தளர்வாகச் சுற்றப்பட்டிருந்தது. இன்னொரு வயர் ஜன்னல் வழியாக வெளியே, தெருவில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிக்குப் போனது.

விஷயம் இதுதான். அன்று காலையில் அந்த போனுக்கு ஒரு அழைப்பு வந்திருந்தது. கேரளத்தில் வடக்கே ஏதோ துறைமுகத்திலிருந்து. உங்கள் ஊர் ஆட்கள் சிலர் இங்கே கரையேறியிருக்கிறார்கள், பெயர்களை விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஊர் முழுக்க அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் பெயர்கள் கேட்கவேண்டும், ஒருவர் கேட்டு ஒருவருக்குச் சொல்லும் பொறுமை யாருக்கும் இல்லை. மைக்செட் வைத்திருந்த ததேயுஸ் தன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து லைனில் சேர்த்தார். அதற்குக் கரண்டு வர ஜெனரேட்டர் வயரை வீட்டின் பிளக்கிலேயே குத்தினார். அவருடைய தம்பி ஆன்றோவும் வின்சென்ட்டும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தார்கள்.

இரண்டாவது அழைப்பு வந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் தெரு முழுக்க ஒரே இரைச்சல். அதற்குள் ஒரு குரல் என்னவோ சொல்வதுபோல இருந்ததாம். பிறகு அழைப்பு துண்டாகிவிட்டது.

"நீங்க டெலிபோன்காரங்கதானே?" என்று சகாயமேரி என் கையுறையைப் பார்த்துக் கேட்டாள். "இந்த இரைச்சல ஒண்ணு மாத்தித் தாங்கம்மா. பேரு ஒண்ணும் கேக்கல்ல."

"இரைச்சல் இந்தப் பெட்டியால்தான் வருது. நீங்க மொதல்ல அந்தத் தண்ணிய விட்டு எழும்புங்க."

"எழும்பினா எப்பிடி? மணி அடிச்ச உடனே இந்த ரெண்டு வயரையும் நான் சேத்துப் பிடிக்கணும். விட்டா சத்தம் போயிரும்ணு ததேயுஸ் அண்ணன் சொல்லியிருக்கு."

முதல் தடவை அந்த இணைப்பைப் பிடித்தவர் ததேயுஸ், காலில் ரப்பர் செருப்போடு. அடுத்த தடவை பிடிக்கப்போவது இவள், தண்ணீரில் வெறுங்காலோடு.

வெளியே ஓடிவந்து ததேயுஸைப் பிடித்தேன். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்தினா போன்காலு வந்தா ஊருக்காரங்க எப்பிடிக் கேப்பாங்க?"

"உங்க பெட்டியில கரண்டு கசியுது. எனக்க லைன்மேனத் தூக்கி எறிஞ்சிட்டுது. அந்தப் பொண்ணு பிடிச்சா செத்துப்போவா."

"நான் பிடிச்சேனே, எனக்கு ஒண்ணும் ஆவல்லியே? இருபது வருசமா மைக்செட் போடுதேன் மேடம். மழைக்கு லேசா சுண்டும், அவ்வளவுதான்." அவர் கண் சிவந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண். "நீங்க லைனச் சரியாக்குங்க. போங்க."

நான் இன்னும் உரக்கச் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் உரக்கப் பேசினார்கள். ஜெனரேட்டர் அவர் காலடியில் இருந்தது, அதைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள். தள்ளிவிட்டுப் போக என்னால் முடியாது. விளக்கிச் சொல்ல நேரம் இருந்திருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள், முட்டாள்கள் இல்லை. ஆனால் போன் எந்த நிமிஷமும் அடிக்கலாம். நான் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே அவள் கை அந்த வயரை நெருங்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அது புத்தியில் பட்டது. ஜெனரேட்டரை என்னால் நிறுத்தமுடியாது. உள்ளே வயரைப் பிடுங்கினாலும் திரும்பச் சேர்த்துவிடுவார்கள், அவள் கையையும் நிறுத்தமுடியாது. மணியை நிறுத்தமுடியும். மணி அடிக்காத போனை யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் மணியை நிறுத்துவது என்றால், அந்த ஊர் காத்திருந்த ஒரே லைனை என் கையால் வெட்டுவது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்து, யாரும் எடுக்கவில்லை என்று அங்கே இருப்பவர்கள் விட்டுவிட்டால்? கம்பத்துக்குத் திரும்பி நடந்து, மறுபடி ஏணியில் ஏறினேன்.

வெட்டினேன். ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால், வீட்டுக்குப் போகும் பக்கத்தை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் பக்கத்தில் செல்லத்துரையின் டெஸ்ட் போனை மாட்டினேன். இனி அழைப்பு வந்தால் கம்பத்தின் உச்சியில் என் கையில் அடிக்கும், அதுதான் என் கணக்கு.

காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. டயல்டோன் இல்லை, இரைச்சலும் இல்லை. செத்த லைன்.

வீட்டிலிருந்து வந்த கரண்டு எக்ஸ்சேஞ்சில் அந்த எண்ணுக்கான சர்க்யூட் கார்டை முடக்கிவைத்திருந்தது. இதை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும், எதிர்பார்க்கவில்லை.

கீழே ஒரு பெண் கத்தினாள். "ஏலே, ஓடி வாங்கல! லைன வெட்டுதாவ!"

கூட்டம் கம்பத்தைச் சுற்றிவிட்டது. ததேயுஸ் ஏணியைப் பிடித்தார். டிரைவர் அவர் கையைப் பிடித்தார். ஏணி ஆடியது. நான் பெட்டியின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்குங்க! எனக்க தம்பிக்க உயிரு அதுலதான் இருக்கு! எறங்குங்கண்ணு சொல்லுதேன்!"

இறங்கியிருந்தால் ஒரு லைனை வெட்டிப்போட்டுவிட்டு இறங்கியவளாக இருந்திருப்பேன். இறங்கவில்லை. டெஸ்ட் போனைப் பக்கத்தில் இருந்த வேறொரு நல்ல ஜோடியில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். அங்கே டியூட்டியில் இருந்த என் சகபொறியாளர் உடனே எடுத்தார். எண்ணைச் சொன்னேன்.

"கார்டு போச்சு போலிருக்கே," என்றார்.

"வேற கார்டுக்கு மாத்துங்க. இப்பவே. எனக்குக் கீழ ஊரே நிக்குது."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை வைக்காமல் எழுந்து போனார். அவர் செருப்புச் சத்தம் தூரமாகப் போவது கேட்டது. அந்தச் சத்தம் திரும்பி வரும்வரை ததேயுஸ் கீழே நின்று பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தம்பியைக் கடலில் விட்டவர் பேசியது அது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

"ஆச்சு, பாருங்க," என்றது எக்ஸ்சேஞ்ச்.

திரும்ப அந்த ஜோடிக்கு மாட்டினேன். டயல்டோன் வந்தது. தெளிவாக, ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லாமல். அந்த எண்ணை ஒரு தடவை அடித்துப் பார்க்கும்படி நல்ல ஜோடி வழியாகச் சொல்லிவிட்டு, டெஸ்ட் போனை அந்த லைனில் மாட்டி, கையைக் கீழே நீட்டிப் பிடித்தேன்.

மணி அடித்தது. கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது.

"இது நான் அடிக்கச் சொன்னது," என்று கத்தினேன். "உங்க நம்பர்தான். இங்க வரும். வீட்டுல வராது. அவங்க இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க. இப்ப ஜெனரேட்டர நிறுத்துங்க."

ததேயுஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏணியை விட்டார். போய் நிறுத்தினார்.

ஜீப்பில் சோதித்து முத்திரை போட்ட சாதாரண போன் ஒன்று புதிதாக இருந்தது. கம்பத்திலிருந்து வயர் இறக்கி, அதைக் கம்பத்தின் அடியிலேயே மாட்டினேன். ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து சகாயமேரியை உட்காரவைத்தார்கள். யாரோ குடை பிடித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது அவளே சொன்னாள்: "நான் கேட்டு உரக்கச் சொல்லுதேன். யாரும் அழக்கூடாது. அழுதா பேரு கேக்காது."

மறுபடி காத்திருந்தோம். நான் வெட்டியதற்கும் டயல்டோன் வந்ததற்கும் இடையே அழைப்பு வந்து போயிருக்குமோ என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமாலை தொடங்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை.

அழைப்பு வந்தது. சகாயமேரி எடுத்தாள். ஒவ்வொரு பெயராக, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். ஒரு பெயருக்கு ஒரு பக்கத்தில் ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு பெயருக்கு யாரோ ஓடினார்கள், வேறொரு வீட்டுக்குச் சொல்ல. "வின்சென்ட்" என்றும் அதே குரலில்தான் சொன்னாள். சொந்தக் கணவன் பெயரைச் சொல்கிறாள் என்று வெளியூர்க்காரர் கண்டுபிடித்திருக்க முடியாது. தொடர்ந்து அடுத்த பெயரைச் சொன்னாள்.

பெயர்கள் முடிந்தன.

"ஆன்றோ?" என்றார் ததேயுஸ். "ஆன்றோ உண்டாண்ணு கேளு மோளே."

கேட்டாள். அந்தப் பக்கம் பேசியது நீண்டது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுவரை எல்லாவற்றையும் உரக்கச் சொன்னவள் அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. ததேயுஸ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் கைவைத்துக் கம்பத்தில் சாய்ந்தார்.

வள்ளம் கவிழ்ந்தபோது வின்சென்ட் ஆன்றோவின் கையைப் பிடித்திருந்தாராம். ஒரு அலையில் விட்டுப்போனது. முந்தின நாளே தேட ஆட்கள் போயிருந்தார்கள். ஆன்றோ கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. செல்லத்துரை சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார். விரலில் தழும்பு மட்டும் நின்றது. அதற்குப் பிறகு அவர் கையுறை இல்லாமல் பெட்டியைத் திறந்து நான் பார்த்ததில்லை.

விதிப்படி அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்து நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும். நடந்ததை நடந்தபடி மேலதிகாரிக்கு எழுதினேன், இணைப்பைத் துண்டிக்கத் தேவையில்லை என்றும் எழுதினேன். அவர் ஒப்புக்கொண்டார். அந்தத் தெரு வீடுகளுக்குள் போய் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சுவரில் எங்கள் லைன் முடியும் இடம் எது, அவர்களுடைய சாமான் தொடங்கும் இடம் எது என்று காட்டினோம். அதுவரை அந்த ஊரில் யாரும் அவர்களுக்கு அதைக் காட்டியதில்லை.

சில வாரம் கழித்து ததேயுஸ் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு வந்தார். ஆம்ப்ளிஃபயரைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், இந்தப் பெட்டி இல்லேண்ணா அந்த ரெண்டாவது போன்காலு தெளிவாக் கேட்டிருக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. புயலில் லைன் எல்லாமே மோசம், யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். அவர் அதை ஏற்றுக்கொண்டு போயிருப்பார். ஆனால் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும்.

"கேட்டிருக்கும்," என்றேன். "ஆனா அதுல சொல்ல வந்ததும் இதே பேருதான். தேடப் போனவங்க அதுக்கு முன்னாலேயே போயாச்சு. அந்த போன்காலு கேட்டிருந்தாலும் ஆன்றோ வந்திருக்கமாட்டான்."

"ரெண்டும் உள்ளதுதானா?"

"ரெண்டும் உள்ளதுதான்."

பிறகு சாக்கை அவிழ்த்துப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். "இதுல எங்க தப்புண்ணு காட்டுங்க."

மூடியைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் பழைய ஈரம் ஏறி, மின்காப்புக் கரைந்துபோயிருந்தது. மின்சாரம் இரும்புப் பெட்டிக்கே வந்துகொண்டிருந்தது. மூன்று முள் பிளக்கை எப்போதோ வெட்டி இரண்டு முள் போட்டிருந்ததால் எர்த் கிடையாது. பெட்டியிலிருந்து மைக் வயரின் கம்பிவலை உறைக்கும், அதிலிருந்து மைக்கின் இரும்புக்கும் அது போகும் வழியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த வழியைத் தன் விரலாலும் ஒருமுறை தொட்டு வந்தார். மைக்கின் இடத்தில் விரல் நின்றது.

"கோயில் திருநாளுக்கு நம்ம பிள்ளைகதான் மேடம் இந்த மைக்கப் பிடிச்சுப் பாடும். வெறுங்காலோட," என்றார். "சுருக்குண்ணு இழுக்குதுண்ணு வந்து சொல்லும். சொல்லிட்டுச் சிரிக்கும். நாங்களும் சிரிப்போம்."

அதன்பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.